ஜன்னலுக்கு வெளியே வைத்த மருந்து

தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசிமருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, உறைந்துவிட்டால் பயன்படுத்தாமல் ஒதுக்கி, எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். விதி அவ்வளவுதான். சுகாதார ஆய்வாளராக இருந்தபோது இதை நானே மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

உதகையை ஒட்டி ஒரு தேயிலைத் தோட்டம். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே லயத்தில், தொழிலாளர்களின் வரிசைவீடுகளில், புதிதாகக் குடியேறியிருந்தன. ஜனவரியில் அவர்களுடைய குழந்தைகளுக்கு முதல் ஊசி. முந்தின நாள் தோட்டத்து மருந்தகத்தின் ஃபிரிட்ஜ் பழுதானது. மருந்தாளர் கோயம்புத்தூர்க்காரர். "ஏனுங்க, ஊரே ஐஸ்பெட்டியா இருக்கறப்ப தனியா ஒண்ணு எதுக்குங்க?" என்று சிரித்தார். மருந்துப் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே வைத்தோம். சமவெளியில் எழுதப்பட்ட சுற்றறிக்கைகள் எல்லாம் வெயிலைக் காட்டியே பயமுறுத்தும். எங்களுக்கும் அந்தப் பயம் ஒன்றுதான் நினைவில் நின்றது.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. வெயில் ஏறியதும் உறைந்த குப்பிகள் இளகின. ஒன்றைக் குலுக்கிப் பார்த்தேன். நல்ல மருந்து பால்போல் கலங்கி நிற்கும்; இதில் வெள்ளைத் துகள்கள் விறுவிறுவென்று அடியில் இறங்கின. வெளியே தாய்மார்கள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். திருப்பி அனுப்பினால் மறுபடி வரமாட்டார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மாதம் ஒன்றாக மூன்று தவணையும் அந்தப் பெட்டியிலிருந்துதான் போட்டேன். பதிவேட்டில் என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஜூன் மழையில், கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் நாலு வயது மகளுக்குக் காய்ச்சல். தோட்டத்து டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார், மூன்று ஊசியும் ஆகியிருந்தது, டான்சில் என்று எழுதினார். இரண்டு நாள் அதில் போயிற்று. நான் போனபோது அவள் கழுத்து வீங்கியிருந்தது. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத் தோல் ஒன்று உள்ளே படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான்.

இந்தக் கிருமி பெரும்பாலும் தொண்டையை விட்டு நகர்வதில்லை. அங்கே உட்கார்ந்தபடியே விஷத்தை அனுப்பும். அது ரத்தத்தோடு போய் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். அதே விஷத்தைப் பல் பிடுங்கி, உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டுவதுதான் தடுப்பூசி. நான் காட்டியது வெறும் வெள்ளைத் துகள்களை. கிருமி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. லயத்தில் யாரோ ஒருவர் தொண்டையில், ஒரு இருமல்கூட இல்லாமல், குடியிருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவுச் சீரம் ஏற்றினார்கள். ரத்தத்தில் அலையும் விஷத்தைத்தான் அது பிடிக்கும்; இதயத்தில் ஒட்டிக்கொண்டதை ஒன்றும் செய்யாது. அன்றே நடந்ததை ஒளிக்காமல் மேலதிகாரிக்கு எழுதி, அவள் தங்கை உட்பட லயத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் மறுபடி போடப் புதிய மருந்து கேட்டேன்.

ஒரு வாரத்தில் தொண்டை சுத்தமானது. குரலும் திரும்பியது, மூக்கு வழியாக. சுவருக்கு அப்பாலிருந்து வேறு யாரோ பேசுவது போலிருந்தது. குடித்த தண்ணீரும் மூக்கில் வந்தது. எழுந்து உட்காரக் கூடாது என்று கட்டிலில் எழுதி மாட்டியிருந்தார்கள். நல்லாத்தானே இருக்கிறாள், பிறகு எதற்குப் படுக்கை என்று தாய் கேட்டாள். இதயத்தைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் காலை, கஞ்சியோடு தாய் வாசலில் வந்ததைப் பார்த்துக் குழந்தை சிரித்தபடி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். பிறகு, யாரோ படுக்கவைத்த மாதிரி, மெதுவாகச் சாய்ந்தாள். அவ்வளவுதான்.

காரியம் முடிந்து ஒரு நாள் தாய் என்னைத் தேடி வந்தாள்.

"சின்னவளுக்கும் நீங்கதானேய்யா போட்டீங்க?"

ஆமாம் என்றேன். ஜன்னலைப் பற்றியும் சொன்னேன். அவள் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பையையே பார்த்தபடி நின்றாள். அன்று மத்தியானம் பக்கத்துத் தோட்டத்து மருந்தகத்தில் யார் அனுமதியும் இல்லாமல் குப்பிகள் வாங்கி வந்தேன். முதல் ஊசி சின்னவளுக்கு.

பதிவேட்டின்படி மூன்று தவணையும் முடிந்த குழந்தைகளுக்கு மீண்டும் மருந்து வழங்க விதியில் இடமில்லை என்று மேலதிகாரியிடமிருந்து பதில் வந்தது. அதற்குள் சின்னவளுக்கு மூன்றாவது ஊசியும் ஆகியிருந்தது. கடிதத்தின் மூலையில் வந்த தேதியைக் குறித்தேன்: நவம்பர் பத்தொன்பது.