அக்காவின் இடுப்பில் என் திருநீறு

மாரியம்மன் கோயில் பலிபீடத்தில் உப்பும் மிளகும் கொட்டியவன் நான்தான்! கிறிஸ்தவ சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியாராக இருந்துகொண்டே கொட்டினேன். பழியைச் சுமந்தவள் என் அக்கா சலோமி. என்னை எவ்வளவு கேவலமாக நினைத்தாலும் சரி, அவளை மட்டும் நீங்கள் தவறாக நினைத்துவிடாதீர்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நேரம். மணலூர்பேட்டையிலிருந்து திருக்கோவிலூர் போகும் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. தாய்வீட்டுக்குக் கள்ளக்குறிச்சி போன என் மனைவி அங்கேயே மாட்டிக்கொண்டாள். இங்கே என் மகள் ரூத்துக்கு அம்மை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது... தண்ணீர்கூட இறங்கவில்லை. அக்காதான் வந்து, குழந்தையை மடியில் போட்டு, வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தாள்.

ஜெபித்தேன். முழங்கால் தேய ஜெபித்தேன். பிறகு மத்தியான வெயிலில், தெரு ஓய்ந்திருந்தபோது, சட்டைப்பையில் உப்பையும் மிளகையும் போட்டுக்கொண்டு போனேன்... ஐயோ! எத்தனை ஞாயிறு இஸ்ரவேலரைத் திட்டியிருப்பேன்! அவர்களும் கர்த்தரை ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லையே. ஆலயத்தில் அவரையும் வைத்துக்கொண்டு, மழை வேண்டி மேட்டில் பாகால் என்கிற அந்நிய தெய்வத்தையும் கும்பிட்டார்கள். நான் மட்டும் என்ன செய்தேன்?

பூசாரி தந்த திருநீற்றுப் பொட்டலத்தை மகளின் தலையணைக்கடியில் ஒளித்துவைத்தேன்.

அம்மை கண்ட வீட்டுக்குள் ஊரில் எவரும் நுழைய மாட்டார்கள். எங்கள் சபை மூப்பர்களோ வீம்புக்கென்றே வந்து ஜெபிப்பார்கள். மறுநாள் அவர்கள் உள்ளே வந்தபோது அக்கா படுக்கையை உதறிக்கொண்டிருந்தாள். பொட்டலம் அவள் கையில்!

"இன்னாம்மா அது?" என்றார் பெரிய மூப்பர்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் முகமே அவளுக்குச் சொல்லியிருக்கும். அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். அது என்னுடையது என்று நான் சொல்லவில்லை...

சபை முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது என்று தீர்மானமாயிற்று. அந்த ஞாயிறு பாகாலைப் பற்றிப் பிரசங்கித்தவன் யார் தெரியுமா? நான்! தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். அக்கா கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் காலைப் பிடித்தேன்.

"மன்னிப்பு கேட்டுடேன், அக்கா."

"செய்யாததுக்கு எப்புட்றா மன்னிப்பு கேக்கறது? கர்த்தர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப நான் சொல்லிடறேன்..."

"சொல்லேன். நானா வாணாங்கறேன்?" என்று சிரித்தாள். "மொதல்ல சாப்புடு. மீன் கொழம்பு ஆறிப்போவுது."

சாப்பிட்டேன். சொல்லவில்லை. உபதேசியார் வேலை போய்விடுமே! சபை கொடுத்த வீடு போய்விடுமே!

மகள் பிழைத்துக்கொண்டாள். யாரால் பிழைத்தாள்? ஸ்தோத்திரம் சொல்லும்போதெல்லாம் இன்றும் என் நாக்கு ஒரு நொடி தயங்குகிறது. அதன் பிறகு நான் செய்த ஜெபமெல்லாம் வெறும் வாய்ப்பேச்சுதான். அக்கா மட்டும் ஞாயிறு தவறாமல் வந்தாள். எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்துபோகும்போது அவள் பாயிலேயே இருப்பாள். வெளியே வந்ததும், "இன்னா உபதேசியாரே, இன்னிக்கும் பாகால்தானா?" என்று என் காதோரம் கிண்டல் செய்வாள். பாவி, அந்தக் கிண்டலுக்காகவே நான் அவளைத் தேடிப் போவேன்.

கடைசியில் அவள் படுத்த படுக்கையானாள். எங்கள் சபைக் குருவான ஐயர் திருவிருந்து அப்பமும் ரசமும் கொண்டுவந்தார்.

"பழைய பாவத்தை அறிக்கை பண்ணிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

அக்கா என் கையைப் பற்றினாள். "தம்பி சொல்லுவான், ஐயரே."

எத்தனை வருடம் கழித்துக் கிடைத்த வாசல் அது! நான் வாயைத் திறந்தேன்.

"பண்ணிட்டாங்க, ஐயா."

ஐயர் அப்பத்தை நீட்டினார். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். என் கையை மட்டும் அவள் விடவே இல்லை... நான்தான் உருவிக்கொண்டேன்.