ஏடு என்றால் அழ வேண்டும்

சேஷாசலக் காட்டுக்குள், வண்டி போகாத ஒரு சரிவில், ஒரு செம்மரத்தின் மார்பில் தகரத் தகடு தொங்குகிறது. அதில் ஆணியால் 7 என்று குத்தியிருக்கும். குத்தியவர் என் அக்காவின் கணவர். பாகாலாக்காரர், தெலுங்கு வீடு. நாங்கள் நாகலாபுரம் பக்கத்துத் தமிழர்கள். கல்யாணப் பந்தலிலேயே அவரைத் தெலுங்கில் ‘பாவா’ என்று கூப்பிட்டுவிட்டேன். அது அப்படியே நின்றுவிட்டது. எங்களோடு பேசிப் பேசி அவருக்கும் எங்கள் தமிழே வந்துவிட்டது.

வருஷத்தில் மழை ஓய்ந்ததும் ஒரு முறை, கோடை வெயில் ஏறுவதற்குள் ஒரு முறை, காட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, தகடு கட்டிய மரங்களின் உடல்நிலையைப் பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. நுனி காய்ந்திருக்கிறதா, பட்டை உரிந்திருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா. பாவா மரத்தைக் கட்டிப்பிடித்து டேப் சுற்றி, எண்ணையும் நிலைமையையும் கத்துவார். நான் அதைத் திருப்பிக் கத்திவிட்டுச் செல்போனில் பதிய வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் அடுத்த மரத்துக்கு நகரவே மாட்டார். சந்தேகமான மரம் என்றால் கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறுவார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் முடிந்தது. செத்த மரத்தின் எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் விதி.

எண்ணுவது தெலுங்கில். மூன்றாவது மரத்தில் “மூடு” என்பார். தமிழ்க்காரன் நான் உடனே வாயைப் பொத்திக்கொள்வேன். ஏழாவதில் “ஏடு” என்பார். தெலுங்கில் ஏழும் அதுதான், ‘அழு’ என்று அதட்டுவதும் அதுதான். நான் துண்டால் கண்ணைக் கசக்கி ஒப்பாரி வைப்பேன். அவர் “எனிமிதி” என்று எட்டுக்குப் போனால்தான் நிறுத்துவேன். வருஷக்கணக்காக இதே ஜோக்குதான். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார். அப்படி ஒரு ரசிகர் எவனுக்குக் கிடைப்பார்?

என் தைரியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியானம் புதருக்குப் பின்னால் கரடி உறுமியது. நான் சோற்றுத் தூக்கை ஆயுதமாகப் பிடித்தபடி பாறைமேல் ஏறி, குலதெய்வம் தொடங்கி ஏழுமலையான்வரை எல்லோருக்கும் மொட்டை வேண்டிக்கொண்டேன். உறுமியது பாவாவின் குறட்டை. எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா மச்சான், மேல ஏறி இன்னா பண்ணிக்கினு கீற? உன்னத் துன்னா கரடிக்குத்தான் வவுறு கெட்டுப்பூடும். எறங்கு.”

மொட்டை மட்டும் போட்டுவிட்டேன். சாமி விஷயத்தில் விளையாட முடியாது.

பிறகு ஏழாவது மரம் நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. பாவாவுக்கும் மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. நாங்கள் சேர்ந்து போன கடைசிச் சுற்றில் அதைக் கீறிப் பார்த்துவிட்டு, “பச்ச கீது மச்சான். மழ வந்தா துளுக்கும். வந்து பாக்கலாம்” என்றார்.

மழை வந்தது. அவர் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். ஏதோ ‘பீப்’ என்றதும் நான் நர்ஸைத் தேடி, செருப்புகூட இல்லாமல் வராந்தா முழுக்க ஓடினேன். அது பக்கத்துக் கட்டில்காரரின் செல்போன். மூச்சிரைக்கத் திரும்பி வந்த என்னிடம் பாவா கையை நீட்டினார்.

“நீ இப்பிடிப் பயப்புடறதுக்கு, கீறியே பாத்துடு. பச்ச கீதா?”

கீறினேன். தோலில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்து மெதுவாக மறைந்தது.

“கீது பாவா.”

“கேக்கல.”

“கீது!” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். நான் திருப்பிச் சொல்லாமல் இருந்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டாரோ என்று இப்போதும் ஒரு கிறுக்கு நினைப்பு வரும்.

இந்த முறை டேப் என் கைக்கு வந்தது. செல்போன், குடிபாலாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணிடம். மரத்தின் எண்ணைத்தான் யாருக்கும் தருவதில்லை. மனிதனின் டேப்பைத் தந்துவிடுகிறார்கள். மூன்றாவது மரத்தில் “மூடு” என்று கத்தினேன். அந்தப் பெண் வாயைப் பொத்தவில்லை. ஒழுங்காகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிந்தாள்.

ஏழாவது மரத்தில் ஓர் இலைகூட இல்லை. தகட்டுக்குப் பக்கத்தில் கீறினேன். பழுப்பு. இன்னும் கீழே கீறினேன். மண்டிபோட்டு, வேர்மூட்டில் மண்ணை விலக்கி, நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை கீறினேன். எங்கும் பழுப்புதான். நான் எண்ணை மறந்துவிட்டேன் என்று நினைத்தாள்போல, பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

“அண்ணா... ஏடு?”

நான் மறுபடி அதே இடத்தைக் கீறினேன். காட்டில் கேட்கவில்லையோ என்று உரக்கவே கத்தினாள்.

“ஏடு அண்ணா, ஏடு!”

அழுதேன். துண்டு தோளிலேயே கிடந்தது. தலைக்கு மேல் தகடு காற்றில் பட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. எட்டுக்குப் போனால்தான் நிறுத்துவது வழக்கம். இப்போது எட்டு என்று கத்த வேண்டியவன் நான்.