மட்டையோடு ஓடும் ஆட்டம்

"மட்டையைக் கீழ போட்டுட்டு ஓடுங்கடா, மடப்பசங்களா!"

காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, ஆலிக்கி கத்திய முதல் வார்த்தை இதுதான். மர அறுவை ஆலைக்குப் பின்னால் இருந்த பழைய மைதானத்தில் ஏழெட்டுப் பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்தை அடித்தவன் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்! லெப்பாகோஸ்கியில் பிறந்த எவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியும்? பின்லாந்தின் மற்ற ஊர்கள் எப்படியோ, எங்கள் ஊரில் குழந்தை நடக்கப் பழகும்போதே பேசாபல்லோ ஆட்டமும் பழகிவிடும். பந்தைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிப் போடுவார்கள், இறங்கும்போது அடிக்க வேண்டும், அடித்த கையோடு மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். மட்டையைச் சுமந்துகொண்டு ஓடுகிறவனை ஊரில் பைத்தியம் என்பார்கள்.

அப்படி ஓடியவன் புஷ்கர். ஊரின் ஒரே பீட்சா கடையில் சமையல்காரன். நேபாளத்திலிருந்து வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மூச்சு வாங்க வந்து கார்க் கதவில் கை வைத்தான். எங்கள் பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"போட்டா அவுட், தீதி."

"தீதியா? என் பேரு ஆலிக்கி."

"தீதின்னா அக்கா. மட்டையோட ஓடினா மட்டை கோட்டுக்கு உள்ள போனா போதும். நாம ரெண்டடி பின்னால இருந்தாலும் தப்பிச்சிடலாம்."

"இது என்னடா கேடுகெட்ட ஆட்டம்?"

"கிரிக்கெட். வர்றீங்களா?"

அவள் போயிருக்க வேண்டாம். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆலிக்கிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் எமன். மற்ற நாட்களில் முதியவர்களின் வீடு வீடாகப் போய் மருந்து கொடுத்து, குளிக்க வைத்து, கட்டுப்போடும் நர்ஸ் வேலை. நாளைக்குப் பதினாலு வீடு. ஒரு வீட்டிலும் உட்கார்ந்து காபி குடித்ததில்லை, நின்றபடியே இரண்டு வாய். "ஆலிக்கி வந்துட்டுப் போனா ஜன்னலைத் தொறந்து வெச்ச மாதிரி இருக்கு" என்று கிழவர்கள் சிரிப்பார்கள். முப்பத்தொரு வயது வரை ஊர் அணிக்கு பேசாபல்லோ ஆடியவள். முழங்கால் போயிற்று, ஆட்டம் போயிற்று. இருப்புக் கொள்ளாத பெண்டாட்டியோடு இருக்க முடியவில்லை என்று புருஷனும் போனான். அதற்கப்புறம் பதினெட்டு வருடம். ஞாயிறு வந்தால் விறகை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் அடுக்குவாள். அடுத்த ஞாயிறு அதைப் பழைய இடத்துக்கே மாற்றுவாள்.

காரை விட்டு இறங்கினாள்.

முதல் பந்தையே ஆலைக் கூரை மேல் அடித்தாள். மைதானமே கூத்தாடியது. மட்டையை எறிந்துவிட்டு அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தக் கோடை முழுக்க அவள் கை மட்டையைப் போட்டுக்கொண்டே இருந்தது. அடிப்பாள், ஓடுவாள், பாதி தூரத்தில்தான் கை காலியாக இருப்பது தெரியும். "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். மட்டையை மணிக்கட்டோடு கயிறு போட்டுக் கட்டிவிடலாம் என்று ஒருவன் சொன்னான். "நான் என்ன நாயா?" என்று சீறினாள். கடைசியில் புஷ்கர் ஓர் அபராதம் வைத்தான்: ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரு தட்டு இலவங்கப்பட்டை பன். ஜூலை முடிவதற்குள் அணியில் எல்லோருக்கும் தொந்தி விழுந்துவிட்டது.

பன் வாசத்துக்கு ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தபால்காரி வந்தாள், ஆலை மேஸ்திரி வந்தான். தக்காளிப் பண்ணையில் வேலை செய்த நேபாளிகளும் வங்காளிகளும் ஏற்கெனவே இருந்தார்கள். பதினொரு பேர் தேறினார்கள். செயற்கைப் புல் பாய் ஒன்றை நடுவில் விரித்து ஆணி அடித்தார்கள். ஆலிக்கி வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அப்போதுதான் தவுனோ வந்தார். நகராட்சி விளையாட்டுக் குழுவின் தலைவர். முன்னாள் பேசாபல்லோ நடுவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கொசுவை விரட்டியபடி பாயைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"தட்டு வீசறவங்க இந்த இடத்தைக் கேக்கறாங்க. பிரிஸ்பீ கோல்ஃப். நூறு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"நாங்க பதினோரு பேரு," என்றாள் ஆலிக்கி.

"ஆறு மாட்ச் ஆடினீங்க, ஆறும் தோத்தீங்க. ஜெயிக்கவே தெரியாதவங்களுக்கு மைதானம் எதுக்கு? ஆகஸ்ட் முடியறதுக்குள்ள ஒண்ணு ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா மைதானத்துச் சாவியைக் கொண்டுவந்து குடு."

"நீ வந்து பாப்பியா?"

"வர்றேன்." எங்கள் ஊரில் மந்திரியைக்கூட நீ என்றுதான் சொல்வோம். அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் பாயைச் சுருட்டும்போது புஷ்கர் மெல்லச் சொன்னான். "எஸ்போ நகரத்துல ஒரு ஓட்டல்ல கூப்பிடறாங்க, தீதி. அங்க பெரிய கிரவுண்டு இருக்கு, லீக் இருக்கு. இங்க இதுவும் போச்சுன்னா, நான் எதுக்கு இருக்கணும்? பண்ணைப் பசங்களும் என்னோட வர்றேங்கறாங்க."

ஆலிக்கிக்கு விறகு ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடம் அடுக்கியது போதாதா? இன்னும் எத்தனை வருடம்?

"பெட்டியைக் கட்டாதே. ஜெயிப்போம்," என்றாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, கடற்கரை ஊர் அணியோடு ஆட்டம். அறுபது பேர் வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலியைப் போட்டு, பக்கத்து ஆளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, எங்கள் வழக்கப்படி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தவுனோவும் அவர் மனைவி கிர்ஸ்டியும் ஃபிளாஸ்க்கோடு முன்வரிசையில்.

எதிரணி தொண்ணூற்று நாலு எடுத்தது. எங்கள் ஆட்கள் தொண்ணூற்று மூன்று எடுப்பதற்குள் ஒன்பது விக்கெட் போய்விட்டது. ஜெயிக்க இரண்டு ரன். கடைசி ஜோடி ஆலிக்கியும் புஷ்கரும். பண்ணைப் பசங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஆலிக்கியின் கால் ஒரு நிலையில் நிற்கவில்லை, பாயையே மிதித்துத் துளைத்துவிடுவாள் போலிருந்தது.

புஷ்கர் நடுவில் வந்தான். "தீதி, ஒண்ணே ஒண்ணு."

"தெரியும்டா. போட மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. போய் நில்லு."

பந்து வந்தது. தட்டினாள். வலப்பக்கம் உருண்டது. "ஓடுங்க!" என்று புஷ்கர் கத்தினான். அவள் ஓடினாள். பழைய முழங்காலைப் பற்றி நினைக்கவே இல்லை, காற்று காதில் இரைந்தது, கோடு கிட்டே வந்துவிட்டது. மட்டையை நீட்டினாள். நீண்டது வெறும் கை.

ஸ்டம்புக் கட்டைகள் பறந்தன. கோட்டுக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் அவள் குப்புற விழுந்து கிடந்தாள். அவளுடைய மட்டை பின்னால், அடித்த இடத்தில், சமர்த்தாகக் கிடந்தது.

அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "இது என்ன அநியாயம்?" என்று ஒருத்தி கத்தினாள். "அவ போட்டதுதான் சரி!" என்றான் இன்னொருவன். "விதி விதிதான்யா!" என்றான் மூன்றாமவன். தவுனோ மைதானத்துக்குள் வந்து, கோட்டிலிருந்து அவள் விரல் பதிந்த இடம் வரை காலால் அளந்து பார்த்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பினார். புஷ்கர் கையைக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் அவள் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை மழை. ஆலிக்கி நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். ஈரக் குடை சொட்டச் சொட்ட, சாவியைத் தவுனோவின் மேஜையில் வைத்தாள்.

"இந்தா. சொன்ன சொல்லு."

"உக்காரு."

"வேண்டாம்."

"நேத்து எங்க வீட்ல சண்டை," என்றார் தவுனோ.

"எதுக்கு?"

"நீ அவுட்டா இல்லையான்னு. நாப்பது வருஷமா சாப்பாட்டு மேஜையில 'அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு'ங்கறதைத் தவிர நானும் கிர்ஸ்டியும் பேசிக்கிட்டதில்ல. நேத்து ரெண்டு பேருக்கும் காபி ஆறிப்போச்சு. காலையில கடைக்குப் போனா அங்கயும் இதே பேச்சு. மீன் கட் பண்றவன் கத்தியை வெச்சுட்டு வந்து எங்கிட்ட வாதம் பண்றான்."

"நான் அவுட்தான்."

"கிர்ஸ்டியும் அதான் சொல்றா. மட்டை கையில இருந்திருந்தா உள்ள. நான் அளந்தேனே! ஏன் போட்டே?"

"தெரியல."

"இத்தனை வருஷமா நர்ஸ் வேலை. ஒரு கிழவனையாவது கைதவறிக் கீழ விட்டிருக்கியா?"

"ஒருத்தரைக்கூட இல்ல!"

"அப்ப ஒரு குச்சியைப் பிடிச்சுக்கிட்டு ஓட முடியலையா?"

"முடியும்! நேத்து என்னமோ..." அவள் முகம் சிவந்துவிட்டது. "முடியும்யா!"

தவுனோ எழுந்தார். ஒரு காகிதத்தைக் கசக்கி உருட்டினார். அவளைக் கதவருகே நிறுத்தி, பக்கத்தில் நின்று, எங்கள் ஊர் வழக்கப்படி காகித உருண்டையை நேராக மேலே தூக்கிப் போட்டார்.

"அடி! வாசக்கதவு வரைக்கும் ஓடு!"

ஆலிக்கி குடையால் ஓங்கி அடித்தாள். உருண்டை தாழ்வாரத்தில் பறந்தது. அவள் ஓடினாள். இரண்டு அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு குமாஸ்தா காபிக் கோப்பையோடு சுவரோடு ஒட்டிக்கொண்டான். வாசற்கதவைத் தொட்டாள். வெற்றியோடு திரும்பினாள்.

குடை தவுனோவின் காலடியில் கிடந்தது.

ஆலிக்கி தன் கையைப் பார்த்தாள். தாழ்வாரம் முழுவதும் நடந்து திரும்பி வந்தாள், தலை நிமிரவில்லை. தவுனோ குனிந்து குடையை எடுத்து அவளிடம் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

"மைதானத்தை ஒரு கோடைக்குக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்," என்றார். "உனக்கு அது பத்தாது. ரெண்டு வருஷம்னு போடறேன்."

"ஜெயிக்கலையே?"

"ஊரே ரெண்டுபட்டுக் கெடக்கு. இப்ப அந்த இடத்துல தட்டை வீசச் சொன்னா என்னைத் தூக்கி வீசிடுவாங்க." சாவியை அவள் பக்கம் தள்ளினார். "அடுத்த மாட்ச் எப்ப? கிர்ஸ்டி கேக்கச் சொன்னா."

வெளியே வந்ததும், மழையிலேயே நின்று, குடையை விரிக்கக்கூட மறந்து, புஷ்கருக்குப் போன் போட்டாள்.

"பெட்டியைப் பிரிடா. ரெண்டு வருஷம் குடுத்திருக்காங்க!"

"எப்படி தீதி? என்ன பண்ணினீங்க?"

"கீழ போட்டேன்."

"மட்டையையா?"

"குடையை."

அந்தப் பக்கம் பீட்சா கடை அடுப்படியே அதிரும்படி ஒரு சிரிப்பு.

"அப்ப ஒரு தட்டு பன் பாக்கி, தீதி."