மெர்லிமாவ் பஸ்ஸில் கிரகணம்

கதவைத் திறப்பதற்கு முன் ஜூலியஸ் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்ப்பார். காலை ஆறு மணிக்கு மெர்லிமாவில் இன்னும் இருட்டுதான். நிறுத்தத்தில் பெண்கள் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பையோடு நிற்பார்கள். அவர்கள் காத்திருப்பது கதவுக்காக. அவர் காத்திருப்பது மேகம் விலக.

"அண்ணே, தொறங்க லா, கொசு பிச்சு எடுக்குது" என்று யாராவது தகரத்தில் தட்டிய பிறகே தலை உள்ளே வரும். ஏறுகிற முதல் ஆளிடம் செய்தி சொல்வார்: "கெழக்க வெள்ளி நிக்குது. பாத்துட்டு ஏறு."

பெண்களை புக்கிட் காத்தில் பக்கமுள்ள ஒரு பேக்டரிக்கு ஏற்றிப் போவதும், மாலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அவர் வேலை. ஐம்பது தாண்டிய, ஒல்லியான ஆள். சட்டைப்பையில் சீப்பு, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. சிக்னலில் நிற்கும்போது கண் சிவப்பு விளக்கைத் தாண்டி மேலே போய்விடும். பச்சை விழுந்ததை அவருக்குப் பின்வண்டியின் ஹார்ன்தான் சொல்ல வேண்டும்.

விண்வெளிச் செய்தி எதுவானாலும் பஸ்ஸுக்கு வந்துவிடும், ஆனால் ஓட்டுநர் பாஷையில். நிலாவுக்குப் போகிற எல்லாமே அவருக்கு 'வண்டி'. ஜப்பானின் கலம் நிலாவில் தலைகுப்புற இறங்கியபோது பஸ் முழுவதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பார்க்கிங் லேசு இல்ல லா. லைட் இல்ல, கோடு இல்ல, எறங்கி கைகாட்ட ஆளும் இல்ல." எட்டு நாள் வேலையாக மேலே போன இருவர் ஒன்பது மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டபோது, ஒவ்வொரு வாரமும் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பெண்களைப் பார்த்து நிலவரம் சொன்னார். "இன்னும் மாத்து வண்டி அனுப்பல."

"அண்ணே, அவங்களுக்கு ஓ.டி. சம்பளம் உண்டா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"தெரியல. ஆனா நம்ம கம்பெனியா இருந்தா கெடையாது."

வீட்டில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. மேகத்தின் அடிவயிற்றைத் தவிர அதில் அவர் அதிகம் பார்த்ததில்லை. அதன் முக்காலியில் இப்போது மனைவி அக்னஸ் சமையலறைத் துணிகளைக் காயப்போடுகிறாள். "மேல இருக்கறவரப் பாக்கணும்னா ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வாங்க. ரோட்டுல நின்னா தெரிய மாட்டாரு" என்பாள். அவர் சர்ச்சுக்கும் போவார். போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை மேலே பார்ப்பார்.

போன ஆகஸ்டில் ஒரு காலை கிரகங்கள் வரிசையாக நிற்கும் என்று போனில் செய்தி வந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தோரம் வெட்டவெளியான இடம் பார்த்து பஸ்ஸை நிறுத்தினார். தூக்கக் கலக்கத்தோடு பெண்கள் இறங்கினார்கள். கிழக்கே வெள்ளியும் வியாழனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நல்ல கூட்டம், நல்ல வானம். உற்சாகத்தில் ஜூலியஸ் உச்சிக்குச் சற்று மேற்கே கையை நீட்டி, "அந்தா, அதுதான் சனி" என்றார்.

பெண்களின் வரிசை கலைந்தது. ஒருத்தி முதுகைக் காட்டித் திரும்பினாள். இன்னொருத்தி சாப்பாட்டுப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பக்கவாட்டில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அண்ணே! சனிக்கு நேரா நிக்கக்கூடாதுன்னு தெரியாதா?" என்று கத்தினாள் ஜெயா. பேக்டரியில் லைன் லீடர். பஸ்ஸிலும் அவள்தான் லீடர்.

"எனக்கு எப்படி லா தெரியும்? நான் சர்ச்சுக்குப் போற ஆளு. அது ரொம்ப தூரத்துல இருக்கு மா."

"தூரத்துல இருந்தாலும் அது பாக்கும்!"

சமாதானம் ஆகி எல்லோரும் ஏறியபோது, முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பேக்டரிக்குத் தாமதம். தாமதமில்லாமல் வந்தால் கிடைக்கும் முழு வருகைப் படி அந்த மாதம் யாருக்கும் இல்லை. கோபத்தில் ஜெயா பஸ் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் சூப்பர்வைசர் ஜூலியஸைக் கூப்பிட்டுச் சொன்னார்: வழியில் இன்னொரு தடவை வானம் பார்க்க நிறுத்தினால், சாவி வேறு ஆளிடம் போகும்.

அதற்குப் பிறகு ஆறு மணிக்கு வந்தவுடன் கதவு திறந்தது. செய்தி இல்லை. கண்ணாடியில் அவர் கண் பின்னால் வரவில்லை. பெண்கள் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஜெயாமேல் அவருக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. அவள் ஓடிவருகிற நாட்களில் வழக்கம்போல் காத்திருந்து ஏற்றிக்கொண்டார். ஏறும்போது அவள்தான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. "ரேடியோ ரிப்பேரான பஸ் மாதிரி இருக்கு" என்று யாரோ ஒருநாள் முணுமுணுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

இந்த மார்ச்சில் முழுச் சந்திர கிரகணம் வந்தது. கிரகணத்தோடேயே நிலா உதிக்கும், அதுவும் சரியாக ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரத்தில். ஜூலியஸுக்கு இது பல மாதங்களாகத் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குச் செய்தி வேறு வழியில் வந்தது. அன்று மாலை திரும்பும் வழியில் தேவிஸ்ரீக்கு அவள் மாமியார் போன் செய்தார். தேவிஸ்ரீ ஆறு மாதக் கர்ப்பிணி. பேசி முடித்தவள் ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கிரகணமாம். வெளிய பாக்கக்கூடாதாம்."

ஜெயா முன்னிருக்கையிலிருந்து நிமிர்ந்தாள். "அண்ணே, இன்னிக்கு கிரகணமா? நீங்க ஏன் சொல்லல?"

ஜூலியஸ் கியர் மாற்றினார். "சொன்னா நிப்பாட்டச் சொல்லுவீங்க. நிப்பாட்டினா வேல போயிரும் லா."

ஜெயா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"எனக்கு பாத்ரூம் போவணும்" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான், வீடு வந்துரும்."

"அடக்க முடியாது. பெட்ரோல் ஸ்டேஷன் வருதுல்ல, அங்க நிப்பாட்டுங்க. யாராச்சும் கேட்டா ஜெயாதான் நிப்பாட்டச் சொன்னான்னு சொல்லுங்க. நானே பேசிக்கிறேன்."

"எனக்கும் போவணும்" என்றது பின்னிருக்கை. "எனக்கும்." "எனக்கும் லா!"

ஜூலியஸ் கண்ணாடியைப் பார்த்தார். அத்தனை கண்களும் அங்கே இருந்தன. சிக்னல் போட்டார்.

பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் கிழக்கு திறந்து கிடந்தது. புல்வெளி, அதற்கப்பால் செம்பனை வரிசை, அதற்கு மேலே மங்கலான வானம். கழிவறைப் பக்கம் ஒருத்தியும் போகவில்லை. எல்லோரும் வேலியோரம் போய் நின்றார்கள்.

நிலா இல்லை.

வெளிச்சம் இன்னும் வடியவில்லை. ஜூலியஸ் போனைத் திருப்பித் திருப்பித் திசை பார்த்தார். போன் காட்டிய இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். இன்று இவர்கள் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு ஏறினால், இனி எந்தக் காலையிலும் அவரால் வாய் திறக்க முடியாது.

"அண்ணே, நிலாவும் தலைகுப்புற விழுந்துருச்சா?"

"சனி எங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க!"

"இருங்க லா" என்றார். "இருட்டணும். இன்னும் கொஞ்சம் இருட்டணும்."

இருந்தார்கள். ஒருத்தி வடை வாங்கிவந்தாள். கிரகணத்தில் சாப்பிடலாமா என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. அதற்குள் வடை தீர்ந்தது. செம்பனை வரிசை கறுத்து ஒரே சுவரானது.

"அந்தா!" ஜெயா வேலியில் ஏறிவிடுவதுபோல் எம்பினாள். "அந்த டவருக்கு இந்தாண்ட! உதிரிப்பழம் மாதிரி!"

ஜூலியஸுக்குத் தெரியவில்லை. அவர் இன்னும் பளிச்சென்ற ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஜெயா அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவள் விரல் நீண்ட வழியே குனிந்து பார்த்தார். குலையிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழத்தின் நிறத்தில், முழு வட்டமாக, மரங்களுக்குச் சற்று மேலே அது தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியுதா அண்ணே?"

"தெரியுது மா. தெரியுது."

போன்கள் உயர்ந்தன. "எப்படிண்ணே செவப்பாவுது?" "சொல்லுங்க அண்ணே, சும்மா நிக்கிறீங்க?" கேள்விகள் நாலாபக்கமும் வந்தன. அவர் சொல்ல வாயெடுத்தார். அப்போது தற்செயலாக பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. தேவிஸ்ரீயின் ஜன்னலில் திரை ஒரு கையகலம் விலகியிருந்தது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, இரு பக்கமும் கையால் மறைத்து, அவள் வெளியே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெளிச்சத்தில் இருந்துகொண்டு பார்த்தால் அவள் முகம்தான் அவளுக்குத் தெரியும்.

"இந்தா வரேன்" என்று ஜூலியஸ் பஸ்ஸில் ஏறினார். அவள் பக்கம் பார்க்கவில்லை. எதையோ எடுக்க வந்தவர்போல் குனிந்து, உள்விளக்குகளை அணைத்துவிட்டு, இறங்கிப் போனார்.