வெறும் டைலைக் காத்த மீன்கள்

எங்கள் வீட்டில் மீன்களுக்குத்தான் ராஜ உபசாரம். சமைக்கிற குசினிக் கூரை ஒழுகும். மீன் தொட்டிகளுக்கு மேலே மட்டும் புதுத் தகரம். எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு மல்லித்தண்ணி போட்டுக் கொடுப்பதோடு சரி. மீனின் செட்டையில் ஒரு வெள்ளைப் புள்ளி கண்டால் வேலைக்குக்கூடப் போகாமல் மருந்துக்கென்று பஸ் ஏறி மாத்தளை டவுனுக்கு ஓடுவார். இதையெல்லாம் நான் குறையாக நினைத்ததில்லை. குவைத்திலிருக்கும் அம்மாவை வீட்டோடு நிறுத்தப்போவது அந்த மீன்கள்தான் என்று நம்பியிருந்தேன். அப்படிச் சொன்னவரும் அப்பாதான்.

அப்பாவுக்கு பலாபத்வலையில் மிளகும் கராம்பும் வாங்கிக் காயவைத்து விற்கும் ஒரு ஸ்டோரில் வேலை. எஸ்டேட் லயத்தின் ஒற்றை அறையை விட்டு ரோட்டுப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், அம்மா ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். நான் அப்போது முதலாம் வகுப்பு. அதன்பிறகு எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதும் அப்பாதான். கராம்பு வாசமும் மீன் வாசமும் கலந்த விரல்களால் அவர் பின்னும் இரட்டைப் பின்னலில் ஒன்று காதுக்கு மேலே நிற்கும், மற்றது கழுத்தில் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பாவிடம் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் இன்னும் கவனமாகப் பின்னுவார், அது இன்னும் மோசமாக வரும்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா போன் எடுப்பாள். நான் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததைச் சொல்லத் தொடங்குவேன். பாதியில் அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை அழும். "இரு பாப்பா, இந்தா வந்துர்றேன்" என்று அம்மா போவாள். சில நாள் திரும்பி வருவாள், சில நாள் வரமாட்டாள். அந்தப் பிள்ளையை நான் மனதார வெறுத்தேன். எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான்; அதற்கு மேல் நியாயம் எதுவும் எனக்குத் தெரியாது.

அப்பா முதலில் வளர்த்தது கப்பி மீன்கள். அவை யாரையும் கேட்காமல் குட்டி போட்டுத் தள்ளின. வாங்கத்தான் ஆள் இல்லை. டவுனில் மீன் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், ஏஞ்சல் மீன் குஞ்சு என்றால் எவ்வளவு கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏஞ்சல் என்றால் தட்டையாக, நீண்ட செட்டைகளோடு, தண்ணீரில் நிமிர்ந்து நடப்பது போலப் போகும் மீன். அப்பா ஒரு சோடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ குளியலறை கட்டி மிச்சம்போட்ட பச்சை டைல் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்தார். மீனுக்கு நல்லதென்று கொட்டம்பா மரத்தின் காய்ந்த இலை போட்டதில் தண்ணீர் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. அன்று தொட்டியைப் பார்த்துக்கொண்டே அப்பா என்னிடம் சொன்னார்.

"இதோட குஞ்சு மட்டும் பொழச்சிச்சுன்னா, ஒங்கம்மா திரும்பிப் போக வேண்டியதில்ல."

அம்மா லீவில் வரப்போவது அப்போதே தெரியும். அவள் வருவதற்குள் குஞ்சு பொரிக்க வேண்டுமே என்று தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையோடு தொட்டிக்கு முன்னால் போய் உட்காருவேன். சோடி டைலில் முட்டையிட்டது. வரிசை பிடித்து ஒட்டிய, ரவை அளவு முட்டைகள். தாயும் தகப்பனும் மாறி மாறி முன்செட்டையால் அவற்றுக்கு விசிறிக்கொண்டே இருந்தன. அப்பா அந்த அழகில் மயங்கிப்போனார். மறுநாள் காலையில் பார்த்தால் டைல் வெறுமையாக இருந்தது. இரண்டும் தின்றுவிட்டிருந்தன. அடுத்த தடவையும் அதே கதைதான்.

நானாவிடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் சிரிக்கவில்லை. "முட்ட போட்டவொடன டைலத் தூக்கி வேற தண்ணில வைங்க தம்பி. தாய்ட்ட இருந்து பிரிச்சாத்தான் குஞ்ச காண ஏலும். பாவம் பாத்தீங்கன்னா ஒண்டும் மிஞ்சாது."

"விசிறாட்டி முட்டை கெட்டுப்போயிருமே" என்றார் அப்பா.

"அந்த வேலய காத்து மோட்டார் செய்யும்."

அம்மா வந்தபோது அந்தச் சோடி மூன்றாவது தடவைக்குத் தயாராக வயிறு பெருத்து நின்றது. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலிருந்து வேனில் வந்து இறங்கிய அம்மா வெளுத்து, வேறு வாசத்தோடு இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மூன்று வருடம் இவளுக்காக அழுதது பொய்யில்லை. ஆனால் வந்து நின்றவளிடம் எப்படிப் போவதென்று தெரியவில்லை. அவள் பெட்டியைத் திறந்து எனக்கென்று வாங்கிய கவுன்களை எடுத்தாள். ஒன்றுகூட என் தோளைத் தாண்டி இறங்கவில்லை.

"அளவு பாத்துத்தானே வாங்கினேன்" என்று அம்மா கையிலிருந்த கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சோறும் ஊட்டிவிட்டாள். உருண்டைகள் அவ்வளவு சின்னவை. வாயில் வைத்ததே தெரியவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் என் உதட்டைத் துடைத்தாள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது அதிகம்தான். ஆனால் நான் வாயை மூடவேயில்லை. பின்னல் மட்டும் அம்மா பின்னியது நேராக இருந்தது. அதைக் காட்டுவதற்காகவே லீவு நாளில் கடைத்தெருவுக்கு இரண்டு தடவை போய்வந்தேன்.

மூன்றாவது முட்டை வந்த அன்று அப்பா பாவம் பார்க்கவில்லை. டைலைத் தண்ணீரோடு வாளியில் இறக்கி, அங்கிருந்து கடையில் டொபி மிட்டாய் போட்டுவைக்கும் பெரிய கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றினார். சின்ன மோட்டாரின் குழாயிலிருந்து குமிழிகள் டைலின் ஓரமாக ஏறின. சோடிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பழைய இடத்தில் வேறொரு டைல் துண்டை வைத்தார். அம்மா தொட்டிப் பக்கமே நின்றாள். இரண்டு மீனும் அந்த வெறும் டைலுக்கு முன்னால் நின்று, ஒன்றுமேயில்லாத இடத்துக்கு விசிறிக்கொண்டிருந்தன.

"இன்னும் அங்கயே நிக்குதே" என்றாள் அம்மா.

"அதுக்கு மூளை இல்லம்மா. முட்டைய எடுத்ததுகூடத் தெரியல" என்றேன்.

"தெரியும்டி" என்றாள் அம்மா. பிறகு முகம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் காற்று அடித்துக் கரண்ட் போனது. அப்பா ஸ்டோரில். போத்தலில் குமிழி நின்றது. முட்டை கெட்டால் அம்மா போய்விடுவாள். கணக்கு எனக்கு அவ்வளவு தெளிவு. நான் அழத் தொடங்கினேன். அம்மா குசினியிலிருந்து ஒரு கரண்டியைக் கொண்டுவந்து, போத்தலுக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கரண்டியைத் தண்ணீரில் விட்டு, டைலைத் தொடாமல், மெதுவாக அசைத்தாள். மீனின் செட்டை அசைந்த அதே வேகம். சாயங்காலம் கரண்ட் வரும்வரை அசைத்தாள். நான் அவள் தோளில் சாய்ந்திருந்தேன். என் சிறுவயதிலிருந்து இன்றுவரை எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பின்னேரத்துக்குள் இருக்கிறது.

அசைத்தபடியே அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். சொற்கள் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

"அது என்ன பாட்டும்மா?"

"அங்க பாடுறது."

"யாருக்கு?"

"கை வலிக்குது. நீ கொஞ்ச நேரம் அசைக்கிறியா?"

முட்டை பொரித்தது. முதலில் டைலில் ஒட்டியபடி வால்கள் மட்டும் துடித்தன. ஒரு வாரத்தில் குஞ்சுகள் கழன்று கூட்டமாக நீந்தின. அப்பா போத்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்னும் எத்தனை தொட்டி கட்டலாம் என்று பின்வளவைக் காலால் அளந்தார். நான் பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் அம்மா இனிப் போகமாட்டாள் என்று அறிவித்துவிட்டேன்.

குஞ்சுக்குச் சாப்பாடு அவித்த கோழி முட்டையின் மஞ்சள் கரு. மெல்லிய துணியில் முடிந்து தண்ணீரில் ஒரு தடவை முக்க வேண்டும். புகை மாதிரிக் கொஞ்சம் கலங்கினால் போதும். இதை அப்பா அம்மாவுக்கு இரண்டு தடவை செய்து காட்டினார். அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் அப்பா வேலைக்குப் போனதும் அவள் முடிச்சைக் கையில் எடுத்துவிடுவாள். குஞ்சுகள் எந்நேரமும் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தன. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பசிக்குது பாப்பா அதுகளுக்கு."

"அப்பா ஒரு தடவைதான் சொன்னாரு."

"அவருக்கு என்ன தெரியும்? அங்க பிள்ள தட்டுல ஒரு வாய் மிச்சம் வச்சாலும் வீட்டுக்கார மேடம் என்னயத்தான் கேப்பாங்க. கொஞ்சங் கொஞ்சமா, வெளையாட்டு காட்டி, எப்பிடியாவது ஊட்டி முடிச்சிருவேன். நான் ஊட்டாட்டி அது சாப்பிடாது." சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நானும் பக்கத்தில் நின்று, இந்தப் பக்கம் ஒரு குஞ்சுக்குக் கிடைக்கவில்லை, அந்தப் பக்கம் ஒன்றுக்குக் கிடைக்கவில்லை என்று விரலால் காட்டினேன்.

அப்படி ஊட்டத் தொடங்கிய இரண்டாம் நாள் காலை தண்ணீர் கஞ்சி நிறத்தில் இருந்தது, நாற்றம் வேறு. குஞ்சுகள் போத்தலின் அடியில் படிந்து கிடந்தன. அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் குனிந்தே நின்றார். உயிரோடு மிஞ்சிய சிலதைக் கரண்டியால் மொண்டு வேறு தண்ணீரில் விட்டார். யாரையும் அவர் திட்டவில்லை.

"தண்ணி கெட்டுப்போச்சு" என்றார்.

"பசிக்குதுன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. துணி முடிச்சு இன்னும் அவள் கையில் இருந்தது.

"அப்ப நீங்க போகத்தான் போறீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா வரும்போதே திரும்பிப் போகும் டிக்கெட்டோடுதான் வந்திருந்தாள். அது அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு அடியில் இருந்தது. வீட்டில் இது தெரியாத ஒரே ஆள் நான். ஒருவேளை, தெரிந்தும் நம்பாத ஆள் அப்பா.

மிஞ்சிய குஞ்சுகளை அப்பா வளர்த்தார். அவை அழகாகவே வளர்ந்தன. அம்மா அதன்பிறகும் இரண்டு தடவை போய்வந்தாள். இப்போது எங்களோடு இருக்கிறாள். என் மகளுக்கு அவள்தான் பின்னல் பின்னுகிறாள். கண்டியில் ஏதாவது கடைக் கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல் மீன்களைக் கண்டால் நான் நின்றுவிடுவேன், எங்கே வந்தேன் என்பது மறந்துபோகும். அந்தக் குவைத்துப் பிள்ளை இந்நேரம் வளர்ந்து ஆளாகியிருக்கும். அதன் பெயரை நான் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

அந்த லீவு முடிந்து அவள் போவதற்கு முந்திய நாள் மத்தியானம் இரண்டு பேரும் பாயில் படுத்திருந்தோம். நான் சுவர்ப் பக்கம். நாளைக்கு இந்நேரம் இந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைத்து அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். அம்மா கண்ணயர்ந்துவிட்டாள். தூக்கத்தில் அவளுடைய மற்றக் கை, நான் இல்லாத பக்கத்தில், வெறும் பாயைத் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக, தூங்கவைக்கும் தட்டு. நான் இருக்கும் பக்கம் அவளுக்கு மறந்துவிட்டது போலும் என்று எழுந்து, அவள் காலைச் சுற்றிப் போய், அந்தக் கைக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

கை நிற்கவில்லை. ஆனால் அது தட்டிய இடம் எனக்குப் போதவில்லை. என் தோள் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, கால்கள் ஒரு பக்கம். கவுன் வாங்கியது போலத்தான், அம்மா மறுபடியும் என் அளவை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி, தலையைக் குனிந்து, அந்தக் கைக்குப் பொருந்தும்படி என்னைச் சின்னதாக்கிக்கொண்டேன்.