லிஸ்பன் சமையல்காரனின் அம்மா

பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் அவளுக்குக் கரண்டியம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக இருநூறு பெண்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்ட கை. எண்ணெய் காய்ந்துவிட்டதா என்பதைப் பத்தடி தள்ளி நின்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வாயில் ஆறு வருடமாக ஒரே பல்லவி.

"எம் பையன் லிஸ்பன்ல பெரிய ஓட்டல்ல குக். என் கைப்பக்குவம் அவனுக்கு அப்படியே வந்திருக்கு."

காய் நறுக்குகிற பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணடித்துக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாள் மறுபடி சொல்வாள். கணவன் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஓர் அறையும் ஓர் அடுப்பங்கரையுமான வீட்டில் தனியாகப் படுத்துத் தனியாக எழுகிறவளுக்குப் பெருமைப்பட வேறு என்னதான் இருந்தது?

அந்தப் பெருமை பிறந்த கதை சின்னது. மகன் போர்ச்சுகல் போய் இரண்டு மாதம் கழித்து ஒருநாள் போனில் வந்தான். "வேலை கெடச்சிருச்சும்மா" என்றான். "என்ன வேலைடா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் அவளே, "சமையல் வேலையா?" என்றாள். "ஆமாம்மா" என்றான். கேள்வியையும் கேட்டு, பதிலையும் தானே எடுத்துக் கொடுத்தோம் என்பது அந்தத் தாய்க்கு அன்றைக்குத் தெரியாது.

இப்போது ஆறு வருடத்துக்குப் பிறகு இருபது நாள் விடுப்பில் வந்திருந்தான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, வாசலில் நின்றவனைப் பார்த்ததும், பெட்டியை வாங்க நீட்டிய கையை அவன் கன்னத்தில் வைத்தாள். அடுத்த நிமிடமே தேற்றிக்கொண்டாள். "சமைக்கிறவன் எவன்டா உக்காந்து சாப்பிடறான்? நானே அப்படித்தானே."

அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதற்கு வழியும் தயாராக இருந்தது. மாப்பிள்ளை குழாய்க்கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடை காலியாகி, அதில் ஒரு சாப்பாட்டுக் கடை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, உங்க மச்சான் கையால ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் வேற ஆள் தேடுங்க" என்று அவள்தான் தூண்டில் போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று பேச்சானது. மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போனால் மறுநாளே கடைக்கு முன்பணம். மகன் செவ்வாய்க்கிழமை விமானம் ஏற வேண்டியதில்லை. அந்த ஒரு விருந்துக்குள் அவள் தன் மிச்ச நாட்களையெல்லாம் வைத்துக் கட்டியிருந்தாள்.

மகன் நழுவப் பார்த்தான். "அந்த ஊர்ச் சமையலுக்கு வேண்டிய சாமான் எதுவும் இங்க கெடைக்காதும்மா. கெடைச்சாலும் யானை விலை."

"சாமான் இருந்தா எவன் வேணா சமைப்பான். மாசக் கடைசியில எங்க விடுதிக்கு வந்து பாரு, காலி டப்பாவைத் தட்டித் தட்டியே நான் விருந்து வைப்பேன்."

அவளே கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். போர்ச்சுகலில் பெரிய மீனை உப்பில் காயவைத்துச் சமைப்பார்கள் என்று மகன் சொன்னான். இவள் மீன்கடையில் உடைந்த உப்பு மீனாகப் பார்த்துப் பாதி விலைக்கு வாங்கி, வியாழக்கிழமை காலையிலிருந்து தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாள். சூப்புக்குக் கரும்பச்சைக் கீரை வேண்டும் என்றான். முட்டைக்கோஸ் கடைக்காரன் உரித்துப் போடுகிற வெளி இலைகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். "மாட்டுக்கா, அக்கா?" என்று கேட்டான் கடைக்காரன். "மாப்பிள்ளைக்குப்பா" என்றாள். உருளைக்கிழங்கு, முட்டை, வெங்காயம், குட்டித் தக்காளி. கடைசியில் இனிப்பாக வைக்கிற பால்சோற்றுக்கு ஒரு துண்டு பட்டையும் எலுமிச்சைத் தோலும். ஆலிவ் எண்ணெய் மட்டும் அவளை மிரட்டியது. இருப்பதிலேயே சின்ன பாட்டிலாக வாங்கிவந்து மேசையில் வைத்தாள். அது இருமல் மருந்து போல் இருந்தது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவன் அடுப்பைப் பற்ற வைத்தான். அவள் அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்து, நாடகம் பார்க்க முதல் வரிசையில் இடம் பிடித்தவளைப் போல் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வெங்காயம். கத்தியை அதன் பிடியின் கடைசி நுனியில் பிடித்தான். விரல் நுனிகளை மடக்காமல் நீட்டி வைத்திருந்தான். வெளிநாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தன் முகத்துக்கு நேராகத் திறந்து ஆவியில் கண்ணை மூடிக்கொண்டான். பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள். தாய் மனம் அப்படித்தானே, ஒவ்வொரு ஓட்டையையும் தானே அடைத்துக்கொண்டு போகும்.

பிறகு அது நடந்தது. கைத்துணியைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, அந்த ஈரத்துணியாலேயே அடுப்பில் சூடேறியிருந்த இரும்பு வாணலியின் காதைப் பிடித்தான்.

"டேய்!" என்று அவள் எழுவதற்குள் வாணலி தடாலென்று மேடையில் விழுந்தது.

அடுப்படியில் வேலைக்குச் சேருகிற எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற பாடம் அது. சூட்டை ஈரத்துணியால் பிடித்தால் நொடியில் ஆவி கிளம்பிக் கையை அவித்துவிடும். விடுதிக்குப் புதிதாக வருகிறவளிடம் கரண்டியம்மா கேட்கிற முதல் கேள்வியே, "காய்ஞ்ச துணி எங்கடி?" என்பதுதான். ஆறு வருடம் ஓட்டலில் அடுப்பைப் பிடித்தவன் தூக்கத்தில்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான்.

அவன் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். எண்ணெய் தெறித்த ஒரு புள்ளி இல்லை. கத்தி பிடித்த காய்ப்பு ஆள்காட்டி விரலடியில் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெல்லிய முள் கீறல்கள், பழையதின் மேல் புதியதாக. நகக்கண்களில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை.

"அவசரத்துல மறந்துட்டேம்மா" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாமா. அவசரம்" என்றாள் அவள்.

கை எரிகிறவனை உட்கார வைத்து, தக்காளிக் கூடையைக் கொடுத்துக் காம்பைக் கிள்ளச் சொன்னாள். அவன் கூடையை மடியில் வைத்தான். அடுத்த கணம் அந்தக் கைகள் வேறு யாருடைய கைகளோ ஆகிவிட்டன. வெந்த கை என்றும் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஒரே சமயத்தில் போய், ஒரு சின்னத் திருகலில் நான்கு நான்கு பழமாகக் காம்பு உதிர்ந்தது. அழுகலைக் கட்டைவிரல் தானாகத் தள்ளி வைத்தது. அவன் கூடையைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பிள்ளை எந்த ஓட்டலிலும் அடுப்பு முன்னால் நின்றதில்லை. எங்கோ ஒரு தோட்டத்தில் குனிந்து நின்றிருக்கிறான், ஆறு வருடமாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீ நகருடா. எனக்கும் இந்தச் சமையலைக் கத்துக்கணும்னு ஆசையா இருக்கு. நீ உக்காந்து சொல்லு, நான் செய்யறேன்."

அவன் போனைத் தொடைக்குக் கீழே மறைத்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னான். அவள் காணாதவள் போல் முதுகைத் திருப்பிக்கொண்டாள். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கடைந்து, அந்த இலைகளை நூல் நூலாக நறுக்கிக் கொதியில் போட்டாள். தீக்குச்சி மாதிரி நறுக்கிப் பொரித்த கிழங்கோடு உதிர்த்த மீனையும் வெங்காயத்தையும் சேர்த்து, முட்டையை ஊற்றி, ஈரம் வற்றுவதற்கு ஒரு கணம் முன்பே இறக்கினாள். வாழ்நாளில் கேட்டறியாத சாப்பாட்டை, கேட்டவுடனே கைக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

ஏழு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

"இந்த சூப்புக்கு என்ன பேரு மச்சான்?"

"கால்டோ வெர்டே, அத்தான்."

"பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சூப்பு ஆறிடும் போலிருக்கே!" என்று சிரித்தவர், ஒரு கரண்டி வாயில் வைத்ததும் சிரிப்பை நிறுத்தினார். அப்புறம் இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு. உப்பு மீனையும் முட்டையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "உன் தம்பிக்கு இருக்கிற கை உனக்கு ஏன்டி இல்லாம போச்சு?"

"எனக்குக் கை இருந்திருந்தா உங்களுக்கு இந்தத் தொப்பை இன்னும் ரெண்டு மடங்கு ஆகியிருக்கும்" என்றாள் மகள்.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு மச்சானின் தோளில் தட்டினார். "முடிவு பண்ணியாச்சு. நாளைக்கே முன்பணம் குடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வா. என் கூட்டாளிங்க நாலு பேரு பணம் போடறாங்க. அவங்க கண்ணு முன்னால செஞ்சு காட்டு. அத்தை, நீங்க அன்னைக்கு அடுப்படிப் பக்கமே வரக் கூடாது. உங்களுக்கு ஓய்வு." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "போன மாசம் கடைக்கு ஒருத்தன் வந்தான் பாருங்க, பத்து வருஷம் பிளம்பரா இருந்தேன்னு. குழாய் எது, வால்வு எதுன்னு தெரியல. அன்னைக்கே துரத்திட்டேன். திருடியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். பொய்யை எப்படி மன்னிக்கிறது?" என்றார்.

மகன் தட்டில் விரலால் கோடு இழுத்தபடி முணுமுணுத்தான். "இல்ல அத்தான்... அங்க விடமாட்டாங்க... செவ்வாய்க்கிழமை டிக்கெட்..."

"டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு! அத்தை, நீங்க சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் தட்டமாட்டான்."

எல்லாக் கண்ணும் அவள் பக்கம் திரும்பின. மகன் நிமிர்ந்து பார்த்தான். ஐந்து வயதில், அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு அவள் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பானே, அந்தப் பார்வை.

இருடா என்று சொல்ல அவள் உடம்பின் ஒவ்வொரு எலும்பும் துடித்தது. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் நடுவில் அவன் ஈரத்துணியோடு நிற்பான். அக்கா பார்க்க, அத்தான் பார்க்க. உண்மையைச் சொன்னாலோ, இப்போதே, இந்த விருந்து வாசம் அடங்குவதற்குள்ளேயே நிற்பான்.

"எப்படி மாப்பிள்ளை விட்டுட்டு வருவான்?" என்றாள் கரண்டியம்மா. "அங்க இவனை நம்பி ஒரு கிச்சனே இருக்கு. பாதியில விட்டா நம்ம குடும்பத்துக்குத்தானே கெட்ட பேரு? அவன் போயிட்டு வரட்டும்."

மகனை நிறுத்த விருந்து வைத்தவள், அந்த விருந்திலேயே, தன் வாயாலேயே, அவனை வழியனுப்பி வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அவன், "இன்னைக்கு நீ உக்காரும்மா" என்று அடுப்படிக்குப் போனான். இரண்டு நாள் பழைய ரொட்டியைக் கையால் பிய்த்தான். பூண்டும் கல் உப்பும் கொத்தமல்லியும் கலந்து நசுக்கினான். மிச்சமிருந்த எண்ணெயைச் சொட்டுவிட்டான். கொதிக்கிற தண்ணீரில் முட்டையை உடைத்து ஊற்றி, வெந்ததும் அந்தத் தண்ணீரையே ரொட்டி மேல் ஊற்றினான். ஒரு தடுமாற்றம் இல்லை. போனைப் பார்க்கவில்லை. ஆயிரம் தடவை செய்த கை.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். பூண்டு மணக்க, சூடாக, எளிமையாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்குடா. உங்க ஓட்டல்ல இதுக்கு என்ன விலை?"

"ஓட்டல்ல இது கெடைக்காதும்மா." அவன் தரையைப் பார்த்தான். "தோட்டத்துல ஒரு கிழவர் சொல்லிக் குடுத்தாரு. எட்டு பேரு ஒரு தகரக் கொட்டாய்ல இருக்கோம். ராஸ்பெரி பறிக்கிறோம். வெயில்ல பிளாஸ்டிக் கூரைக்குள்ள... காசு மிச்சம் பிடிக்கணும்ல. தினமும் ராத்திரிக்கு இதுதான்." அதற்கு மேல் பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "லிஸ்பனை நான் ரெண்டு தடவைதாம்மா பார்த்திருக்கேன்."

அவள் தட்டை வைத்துவிட்டு அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "போகாதடா. நான் சமைக்கிறேன். நீ கல்லாவுல உக்காரு. போகாத."

"அத்தான்கிட்ட என்னன்னு சொல்றது? நேத்து நீயே சொல்லிட்டியேம்மா."

அவன் மானத்துக்கு அவள் போட்ட வேலி, அவனை உள்ளே விடாமல் நின்றது. பிறகு அவள் எழுந்து, மீதி ரொட்டியையும் பிய்த்துப் போடச் சொல்லி, அவனோடு சேர்ந்து சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டான்.

அடுத்த வாரம் விடுதியில் பூசணிக்காயை அரிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. "லிஸ்பன் குக்கா? ஸ்பீக்கர்ல போடுக்கா, நாங்களும் கேக்கறோம்" என்று காய் நறுக்குகிற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மறுக்க வழியில்லை. போட்டாள்.

"எங்கடா இருக்க?" என்றாள். "இங்க எல்லாரும் உன் குரலைக் கேக்க நிக்கறாங்க."

அந்தப் பக்கம் காற்றில் பிளாஸ்டிக் விரிப்பு படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம்.

"கிச்சன்ல இருக்கேம்மா" என்றான்.

"அப்ப போனை வச்சுட்டு அடுப்பைப் பாருடா," என்றாள் கரண்டியம்மா, "தீஞ்சிடப் போகுது."