சத்தம் போடாத பிள்ளை

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பவுலினா பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்வது அவள் வேலை. புருஷன் காய்ச்சலில் போன பிறகு அதுதான் அவளுக்குச் சோறு போட்டது. அத்தனை வாண்டுகளையும் ஒற்றை ஆளாய் அடக்க அவளிடம் ஒரே மருந்துதான் இருந்தது.

"சத்தம் போட்டா தொர வந்து புடிச்சிக்கிட்டுப் போயிருவாரு."

தோட்டத்தை ஆளும் துரையின் பேரைக் கேட்டதும் காம்பரா கப்சிப் ஆகிவிடும். கெட்டிக்காரி என்று தாய்மார் மெச்சினார்கள். மெச்சாமல் என்ன செய்வார்கள், அவர்கள் வீட்டிலும் அதே மருந்துதானே!

1955 ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், நாலு வயது பிரான்சிஸ்காவைக் காணவில்லை. கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வந்தவர்களின் சந்தடியில் கதவு திறந்து கிடந்திருக்கிறது. வெளியே பனிமூட்டம் தேயிலையை மூடியிருந்தது. கீழே ஓடை பெருக்கெடுத்து இரைந்தது. மாதாவே, மாதாவே என்று பவுலினா ஓடினாள்.

கங்காணி இராமையா ஆட்களோடு வந்தார். துரையும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுஷன்தான், பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டார். பதிலே இல்லை. பிள்ளையைப் பெற்றவள் ஓடைக்கரையில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

துரை மறுபடியும் கூப்பிட்டபோதுதான் பவுலினாவுக்கு உறைத்தது. பிள்ளை பக்கத்திலேயே இருக்கலாம். அவர் கூப்பிடக் கூப்பிட அது வாயைத் திறக்காது. துரையைப் போகச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும்.

"கங்காணி, தொரைய மேல போகச் சொல்லுங்க. அவரு இருந்தா புள்ள வராது. பயங்காட்டி வச்சது நாந்தான்."

இராமையா முறைத்தார். ஆனாலும் போய்ச் சொன்னார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும், பவுலினா பிள்ளைகளைத் தூங்கவைக்கும் ராகத்தில் பெயரைச் சொல்லிக்கொண்டே தேயிலை நிரை நிரையாக நடந்தாள். ஓடைக்கு இறங்கும் வடிகால் கானுக்கு மேலே ஒரு தேயிலைச் செடி அசைந்தது. விலக்கிப் பார்த்தாள். கானுக்குள் ஏறிவந்த தண்ணீர் பிள்ளையின் இடுப்பைத் தொட்டிருந்தது. அது இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தது.

தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டாள். விறைத்திருந்த கைகளை மெல்ல விலக்கியதும் பிள்ளை சொன்னது:

"நான் சத்தமே போடல ஆயா."

வேலை போகவில்லை. பல வருஷம் அவள் அங்கேதான் ஆயாவாக இருந்தாள். பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகக் கத்தினாலும் பேசாமல் இருப்பாள். காம்பரா திடீரென்று அமைதியானால்தான் அவளுக்குப் பயம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள்.